மகாகவி அசுவகோஷர் சரிதமும் அவர்தம் காவிய நடையும்

பகவான் புத்தரின் திருச்சரிதத்தைக் காவியமாகப் பாடியவர்களுள் காலத்தாலும் தகுதியாலும் முன்நிற்பவர் அசுவகோஷர். பிக்ஷுவாகச் சீவர ஆடை தரித்து வாழ்ந்த இவர், வடமொழிக் காவிய உலகின் தொடக்கத்திலே ஒளிவிடும் மகாகவியாகவும் விளங்கினார். இவ்விரண்டு நிலைகளும் ஒருவரிடத்தே சேர்ந்தமைவது எளிதன்று. புலன்களை அடக்கி வாழ்வதே பிக்ஷுவின் தொழில். காவியமோ கண்ணுக்கும் செவிக்கும் விருந்து வைப்பது. மங்கையர் எழிலையும் இளவேனிற் சோலையையும் அரண்மனை ஆடல்பாடலையும் வருணியாமல் அந்நாளில் காவியம் என்ற பெயரை ஒரு நூல் பெற இயலாது. அங்ஙனமாயின் உலகைத் துறந்தவர் உலகின் அழகைப் பாடுவது முறையாகுமா? அழகிய நடை தருமத்துக்குத் துணையாகுமா, அன்றித் தடையாகுமா? இவ்வினாவுக்கு அசுவகோஷர் தம் நூல்களின் அமைப்பிலேயே விடை பகர்ந்துள்ளார். ஆகவே அவர் சரிதத்தை எழுதப் புகுந்த நாம், அவருடைய நடையையும் உடன்வைத்தே ஆராய்தல் வேண்டும்.

பிறப்பும் காலமும்

பழங்காலக் கவிஞர்களுள் பலர் தம்மைப்பற்றி ஒரு சொல்லும் எழுதாமலே மறைந்தனர். நற்பேறாக, அசுவகோஷரின் சௌந்தரநந்தம் என்னும் காவியத்தின் இறுதிக் குறிப்பு அவரைப்பற்றிச் சில செய்திகளைத் தருகின்றது. அவர் சாகேத நகரத்தவர், சுவர்ணாட்சி என்னும் அம்மையாரின் புதல்வர், பிக்ஷு, ஆசாரியர், மகாகவி, வாதம் புரிவதில் வல்லவர். சாகேதம் என்பது அயோத்தியின் பழம்பெயர்களுள் ஒன்று. தந்தையின் பெயர் கூறப்படாது தாயின் பெயரே கூறப்படுதல் நம் கருத்தைக் கவர்கின்றது.

அவர் வாழ்ந்த காலம் கி. பி. முதல் நூற்றாண்டு அல்லது இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கம் என்று அறிஞர் கருதுவர். குஷாண மன்னர் கனிஷ்கரோடு அவரைச் சேர்த்துக் கூறுவது சீன, திபெத்திய மரபு. அந்தணர் குலத்திற் பிறந்து வேதம், இதிகாசம், இலக்கணம், அரசநீதி முதலியவற்றைக் கற்றுத் தேர்ந்த பின்னரே பௌத்தரானார் என்றும் அம்மரபு கூறும். இது நம்பத்தக்கதே. அவருடைய காவியங்களில் வேத முனிவர் கதைகளும் சாங்கியக் கொள்கையும் நீதிநூற் கருத்துக்களும் வேண்டிய இடந்தோறும் வந்து நிற்கின்றன. பிறர் கல்வியைப் புறத்தேயிருந்து பார்த்தவருக்கு இத்துணைப் பழக்கம் வாய்ப்பது அரிது. முதற் காவியமாகிய இராமாயணத்தை இயற்றிய வான்மீகி முனிவரையும் புத்த சரிதத்தின் முதற் சருக்கத்திலேயே அவர் மதிப்புடன் நினைவுகூர்கின்றார். முன்னோர் செய்யாததைப் பின்னோர் செய்துகாட்டியதற்கு வான்மீகியை ஓர் எடுத்துக்காட்டாக வைக்கும் அவர், தாம் எந்த வழியில் நடக்கப் போகின்றார் என்பதையும் அங்கே குறிப்பால் உணர்த்திவிடுகின்றார்.

வாதத்தில் தோற்றவர்

அசுவகோஷரின் வாழ்க்கை வரலாறு என்று சீனமொழியில் ஒரு சிறு நூல் உண்டு. கி. பி. 400-ஐ ஒட்டிய ஆண்டுகளில் சீனத்தில் வாழ்ந்த குமாரஜீவர் அதனை மொழிபெயர்த்தார் என்பர். அந்நூல் கூறுவது வருமாறு: பௌத்தராவதற்குமுன் அசுவகோஷர் நாடெங்கும் சுற்றி, எதிர்ப்பட்ட பண்டிதரையெல்லாம் வாதில் வென்றார். தம்மோடு வாதிட வல்லார் ஒருவரும் இல்லாத மடத்திலே பிக்ஷுக்கள் மணி அடித்து மக்களைக் கூட்டுதல் கூடாது என்று தடையும் செய்தார். இதனைக் கேள்வியுற்ற முதியவரான பார்சுவர் என்னும் தேரர் வடநாட்டிலிருந்து வந்து அந்த மணியை அடிக்கச் செய்தார். அரசரும் பெரியோரும் கூடிய அவையிலே வாதம் ஏற்பாடாயிற்று. முதலிற் பேசும் உரிமையைப் பார்சுவர் பெற்றார். நாடு அமைதியுற வேண்டும், மன்னர் நீடு வாழ வேண்டும், விளைவு பெருக வேண்டும், துன்பங்கள் ஒழிய வேண்டும் என்னும் பொருள்பட அவர் சில சொற்களே கூறி அமர்ந்தார். அக்கூற்றை மறுத்தால் மன்னருக்கும் மக்களுக்கும் தீங்கு கருதியதாக முடியும். அசுவகோஷர் வாயடைத்து நின்றார். வாதத்தின் விதிப்படி பார்சுவரின் மாணவரானார்.

இக்கதை நடந்தவாறே நடந்ததா என்று நாம் ஆராயவேண்டுவதில்லை. இதில் அடங்கிய கருத்து ஆழமானது. ஆயிரம் தருக்கங்களை அடுக்கவல்ல நாவுடையவரை, கேட்போர் நெஞ்சில் உடனே இடம்பெறும் எளிய சொற்கள் வென்றன. கேட்பவர் யார், அவர் உள்ளம் எதனை விரும்பி ஏற்கும் என்று அறிந்து பேசுவதே சொல்வன்மை என்பதைக் கவிஞர் இங்கே கற்றார் என்று அவர் வரலாற்றை எழுதியோர் கருதினர் போலும். பிற்காலத்தில் அவர் இயற்றிய நூல்களைப் பயில்வோர் இக்கருத்தை மறுக்கமாட்டார்.

கனிஷ்கர் அவையில்

வடமேற்கு நாட்டு மன்னர் மகதத்தின்மேற் படையெடுத்து வந்து பெரும்பொருள் கேட்டார் என்றும், அத்துணைப் பொன் இல்லாத மகத மன்னர் அதற்கு ஈடாகப் புத்தபிரானின் பிக்ஷாபாத்திரத்தையும் அசுவகோஷரையும் அளித்தார் என்றும் அச்சீன நூல் மேலும் கூறுகின்றது. பாத்திரம் விலைமதிப்பற்றதுதான், ஆனால் ஒரு பிக்ஷுவுக்கு இத்துணை மதிப்பா என்று அமைச்சர்கள் முணுமுணுத்தனராம். மன்னர் சில குதிரைகளைப் பல நாள் பட்டினியிட்டு, அசுவகோஷர் தருமம் உரைக்கும் இடத்தில் நிறுத்தி, அவை விரும்பும் புல்லையும் முன்னே இடச்செய்தார். குதிரைகள் புல்லைத் தீண்டாது, கண்ணீர் உகுத்து, உரை கேட்டு நின்றன. அசுவம் என்பது குதிரை. கோஷம் என்பது ஒலி. அன்றுதொட்டே அவருக்கு அப்பெயர் வழங்கலாயிற்று என்பது கதை. பெயருக்குக் காரணம் காட்டப் பிறந்த கதையாக இது இருக்கலாம். எனினும் அவர் குரலுக்கும் சொல்லுக்கும் எத்தகைய ஆற்றலை மக்கள் ஏற்றிக் கூறினர் என்பது இதனால் விளங்கும்.

இன்னொரு மரபு நம் பொருளுக்கு இன்னும் நெருங்கியது. கி. பி. 6-ஆம் நூற்றாண்டில் சீனம் சென்ற பரமார்த்தர், வசுபந்துவின் வரலாற்றை எழுதியபோது, காச்மீரத்தில் கூடிய சங்கப் பெரியோர் அபிதருமத்துக்கு விபாஷை என்னும் பேருரையை அமைக்க முயன்ற செய்தியைக் குறிப்பிடுகின்றார். பொருளை முடிவு செய்தவர் பிறர். அப்பொருளுக்கு ஏற்ற சொல்வடிவம் கொடுக்கச் சாகேதத்திலிருந்து அசுவகோஷர் வரவழைக்கப்பட்டார். 12 ஆண்டுகள் அப்பணியில் அவர் ஈடுபட்டார் என்று அந்நூல் கூறும். கொள்கையில் தெளிவு பெற்ற பெருந்தேரர்களும், அக்கொள்கைக்குத் தக்க நடை அமையாவிடில் அது நிலைபெறாது என்று எண்ணினர் என்பதற்கு இம்மரபே சான்று.

மொழியைப் பற்றிய ஒரு தடை

இங்கே அன்பர்களுக்கு ஒரு தடை தோன்றக்கூடும். புத்தபிரான் தம் அறவுரைகளைக் கற்றோர் மட்டும் அறியும் செய்யுள் மொழியில் அமைக்க விரும்பிய இரு பிக்ஷுக்களைக் கண்டித்து, அவரவர் மொழியில் கற்க இசைவளித்தார் என்று வினயபிடகம் கூறுகின்றதே, அசுவகோஷர் வடமொழிக் காவியம் செய்தது அவ்வாணைக்கு மாறன்றோ என்பதே அத்தடை.

இதற்கு நாம் கூறும் அமைதி ஒன்றுண்டு. அசுவகோஷர் பாலி, பிராகிருத மொழிகளில் வழங்கிய சூத்திரங்களை ஒதுக்கி அவற்றின் இடத்தில் தம் காவியத்தை வைக்கவில்லை. எளிய மக்களுக்கு உரிய அறவுரை அவர்கள் மொழியிலே முன்னரே இருந்தது. ஆனால் அரசவைகளிலும் பண்டிதர் கழகங்களிலும் இருந்தோர் அவ்வுரைக்குச் செவி சாய்க்கவில்லை. அவர்கள் செவிக்கு இனிதாயிருந்தது வடமொழிக் காவியமும் இதிகாசமுமே. அவர்களுக்கு அதுவே அவரவர் மொழி. அவர்கள் இருந்த இடத்திற்கே தருமத்தைக் கொண்டுசெல்ல அசுவகோஷர் துணிந்தார். சௌந்தரநந்தத்தின் இறுதியில் தம் நோக்கத்தை அவரே வெளிப்படையாக அறிவிக்கின்றார். இன்பம் பயப்பதற்காக அன்று, மனஅமைதி பயப்பதற்காகவே இந்நூலைச் செய்ததாகவும், விடுதலைக்குப் புறம்பான செய்திகள் இதில் வந்திருப்பின் அவை காவிய முறைமை கருதி வந்தனவென்றும், கசப்பு மருந்தை உண்பிக்கத் தேன் கலப்பதுபோல அவற்றைக் கலந்ததாகவும் கூறி, மண்ணிலிருந்து பொன்னைப் பிரித்தெடுப்பதுபோலப் பயனை மட்டும் கைக்கொள்ளுமாறு வேண்டுகின்றார். தம் நடையின் காரணத்தைத் தம் வாயாலேயே இவ்வளவு தெளிவாக உரைத்த பழங்கவிஞர் மிகச் சிலரே.

புத்த சரிதம்

புத்த சரிதம் 28 சருக்கங்கள் கொண்ட பெருங்காவியம். பிறப்பு முதல் பரிநிருவாணமும் அதன்பின் தாதுக்களைப் பங்கிட்டதும் ஈறாக அது செல்கின்றது. அதில் கவிஞர் காவிய மரபின் உறுப்புக்களை எவ்வாறு ஆளுகின்றார் என்பதைச் சில இடங்களால் காண்போம்.

இளவரசர் நகர்வலம் வருகையில் மகளிர் மாடங்களிலும் சாளரங்களிலும் நெருங்கி நின்று காண்பது காவியத்துக்குரிய வருணனைகளுள் ஒன்று. பிற்காலத்துக் காளிதாசரும் இரகுவமிசத்திலும் குமாரசம்பவத்திலும் இதனைப் பாடியுள்ளார். புத்த சரிதத்தின் மூன்றாம் சருக்கத்தில் இது மிக்க எழிலோடு அமைந்துள்ளது. அணிகள் குலுங்க, ஒருவரையொருவர் தள்ளி, படிகளில் ஓடிவரும் மகளிரைக் கவிஞர் காட்டுகின்றார். படிப்பவர் மனமும் அவர்களோடு சாளரத்தில் நிற்கின்றது. அவ்வமயத்தில்தான் வீதியில் தளர்ந்த முதியவர் ஒருவர் தோன்றுகின்றார். இளமையின் கூட்டத்தை அத்துணை நிறைவாகக் கண்ட கண்ணுக்கே முதுமை இடிபோல் வந்து தாக்கும். முன்னைய வருணனை குறைந்திருந்தால் பின்னைய அதிர்ச்சியும் குறைந்திருக்கும். இளவரசர் கண்ட காட்சியை நாமும் அவர் உள்ளத்தோடு காணுமாறு செய்வது அந்த வருணனையே.

ஐந்தாம் சருக்கத்தில் ஆடல்பாடல் முடிந்து உறங்கும் மகளிரைக் கவிஞர் ஒருவர்பின் ஒருவராக வருணிக்கின்றார். இராமாயணத்தில் இராவணன் அந்தப்புரத்தை அனுமன் காணும் பகுதியை இஃது ஒத்திருக்கின்றது என்பர் ஆராய்ச்சியாளர். வீணையைத் தழுவியவர், சாளரத்திற் சாய்ந்தவர் என்று அழகிய ஓவியங்களாகத் தொடங்கும் அடுக்கு, போகப்போக வாய்திறந்து உமிழ்நீர் ஒழுக, கூந்தல் குலைந்து, உடல் முறுக்கிக் கிடப்போரைக் காட்டி முடிகின்றது. காட்சியும் மாறவில்லை, வருணனை முறையும் மாறவில்லை. அழகைப் பட்டியலிடப் பயன்பட்ட அதே முறையால் அழகின் நிலையாமை வெளிப்படுகின்றது. அச்சருக்கத்திலேயே இளவரசர் அரண்மனையை விட்டு நீங்குகின்றார்.

எட்டாம் சருக்கத்தில் சந்தகன் குதிரையோடு வெறுங்கையனாய்த் திரும்புகின்றான். நகரம் புலம்புகின்றது. யசோதரை அக்குதிரையை நோக்கி, இப்போது கனைக்கும் நீ அன்றிரவு கனைத்திருந்தால் ஊரார் விழித்திருப்பரே என்னும் பொருள்படக் கடிந்துரைக்கின்றாள். துறவைப் போற்றும் கவிஞர் துறவால் விளைந்த துயரை மறைக்கவில்லை. கணவரை இழந்தவளின் துன்பத்துக்கு முழுச் சருக்கமும் இடம் தருகின்றார். ஒன்பதாம் சருக்கத்தில் இளவரசரை மீட்க வந்த அமைச்சரும் புரோகிதரும் தம் கட்சியை வலிவாகவே பேசுகின்றனர். எதிர்க்கட்சிக்கு நொய்ந்த சொற்களைக் கொடுத்து அதனை எளிதில் வீழ்த்தும் வழியை அசுவகோஷர் பின்பற்றவில்லை. பழைய வாதியாகிய அவருக்கு எதிர்வாதத்தின் மதிப்புத் தெரியும்.

சருக்கம் முழுதும் ஒரு யாப்பிலே சென்று இறுதியில் வேறொரு நீண்ட யாப்பில் முடிதல் காவிய வழக்கு. இவர் நூலிலும் அவ்வழக்கைக் காண்கின்றோம். பாடிக் கேட்ட காலத்தில் அம்மாற்றமே ஒரு பகுதி முடிந்ததென்று செவிக்கு உணர்த்தியிருக்கும். கி. பி. 7-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இந்தியாவிலும் தென்கடல் நாடுகளிலும் தங்கிய சீன யாத்திரிகர் இத்சிங், அந்நாடுகளிலெல்லாம் இக்காவியம் பரவலாக ஓதப்பட்டதைக் குறித்துவைத்துள்ளார். சில சொற்களிலே பல பொருளைச் செறித்து, படிப்போருக்குச் சோர்வு தோன்றாமற் செய்வதை அவர் இதன் சிறப்பாகக் கூறுகின்றார்.

சௌந்தரநந்தம்

18 சருக்கங்கள் கொண்ட சௌந்தரநந்தம் புத்தரின் தம்பியாகிய நந்தரின் கதை. நந்தரும் அவர் மனைவி சுந்தரியும் ஒருவரையொருவர் பிரியாத காதலர். அவள் முகத்தில் அணிக்கோலம் எழுதிக்கொண்டிருந்த வேளையில் புத்தபிரான் பிச்சைக்கு வந்து, கவனிப்பாரின்றித் திரும்பிவிடுகின்றார். செய்தியறிந்த நந்தர், கோலம் உலர்வதற்குமுன் வந்துவிடுவதாக உறுதி கூறி வெளியேறுகின்றார். புத்தர் தம் பாத்திரத்தை அவர் கையில் கொடுக்க, விடைபெறத் துணிவின்றிப் பின்சென்றவர் விகாரையில் துறவியாக்கப்படுகின்றார். போகவும் மனமின்றி நிற்கவும் மனமின்றி நந்தர் வாயிலில் தத்தளிக்கும் நிலையை, அலைகளின்மேல் முன்னும் பின்னும் அசையும் அன்னத்துக்கு ஒப்பிடுகின்றார் கவிஞர். ஒருபுறம் அண்ணன்பால் மதிப்பு, மறுபுறம் மனைவிபால் அன்பு என்னும் இரு விசைகளையும் அந்த ஓர் உவமையே நம் கண்முன் நிறுத்துகின்றது.

துறவியான பின்னும் நந்தர் மனம் சுந்தரியிடமே இருந்தது. புத்தர் அவரை விண்ணுலகுக்கு அழைத்துச் செல்கின்றார். வழியில் இமயமலையில் ஒற்றைக்கண் குரங்கு ஒன்றைக் காட்டி, இதனினும் சுந்தரி அழகியோ என்று வினவுகின்றார். நந்தர் நகைக்கின்றார். பின்னர் தேவமகளிரைக் கண்டதும், அவர்கள் முன் சுந்தரி அக்குரங்கைப் போன்றவளே என்று அவர் வாயே கூறுகின்றது. தேவமகளிரைப் பெறத் தவம் தொடங்குகின்றார். அது துறவன்று, வாணிகமே என்று ஆனந்தர் உணர்த்திய பின்னரே உண்மை நெறியில் நாட்டம் பிறக்கின்றது. அழகுக்கு ஓர் எல்லை உண்டென்று வாதிட்டு நிறுவாமல், அழகை அழகாலேயே அளந்து காட்டிவிடுகின்றார் கவிஞர்.

இந்நூலின் உவமைகளை வரிசையாகப் பார்ப்போர் ஒரு மாற்றத்தைக் காண்பர். முற்பகுதியில் தாமரையும் வண்டும் சக்கரவாகப் பறவையும் அன்னமும் மிகுதியாக வருகின்றன. நந்தர் மனம் இன்பத்தில் தோய்ந்திருந்தபோது உவமைகளும் சோலையிலும் பொய்கையிலும் பிறந்தன. பிற்பகுதியிலோ பொற்கொல்லரும் மருத்துவரும் எரியும் விளக்கும் வந்து நிற்கின்றனர். பொன்துகளைக் கழுவுவோர் முதலில் பெருமாசையும் பின்னர் நுண்மாசையும் நீக்குவதுபோல மனமாசைப் படிப்படியாக நீக்குக என்றும், கொல்லர் பொன்னை உருக்குகையில் ஊதவேண்டிய காலத்தில் ஊதி, நீர் தெளிக்கவேண்டிய காலத்தில் தெளித்து, வாளா விடவேண்டிய காலத்தில் விடுவதுபோல மனத்தையும் காலமறிந்து நடத்துக என்றும் புத்தர் நந்தருக்கு அறிவுறுத்துகின்றார். நெய் தீர்ந்த விளக்கு எத்திசையும் செல்லாது அமைதியுறுவது நிருவாணத்துக்கு உவமையாகின்றது. மாணவர் மனம் மாற, அவருக்கு உரைக்கும் உவமையும் மாறுகின்றது. தியான முறையை இத்துணை நுட்பமாகக் கூறும் பகுதி காவியத்தில் இடம்பெற்றும் சலிப்பூட்டாதிருப்பதன் காரணம், கற்றவரும் மற்றவரும் அன்றாடம் காணும் தொழில்களிலிருந்து இவ்வுவமைகள் எடுக்கப்பட்டமையே.

குறையும் ஒன்று கூறவேண்டும். இரண்டாம் சருக்கத்தில் சுத்தோதனரைப் புகழுமிடத்தில் அருவழக்கான இறந்தகால வினைவடிவங்களை அடுக்கடுக்காக ஆண்டு தம் இலக்கணப் புலமையைக் காட்டுகின்றார். அங்கே மன்னரின் நற்பண்புகளைக் காட்டிலும் கவிஞரின் கல்வியே நம் கண்ணிற் படுகின்றது. தேன் மிகுந்து மருந்து குறைந்த இடம் அது. அவர் தமக்குத் தாமே வகுத்துக்கொண்ட அளவுகோலால் அளந்தாலும் அப்பகுதி தாழ்ந்ததே.

நாடகத்தில் மக்கள் மொழி

இவர் நாடகமும் இயற்றினார் என்பது இருபதாம் நூற்றாண்டில்தான் உலகுக்குத் தெரியவந்தது. மத்திய ஆசியாவின் துர்பான் பகுதிக்குச் சென்ற ஜெர்மானிய ஆய்வுக் குழுவினர் கொணர்ந்த ஓலைத் துண்டுகளை ஆராய்ந்த லூடர்ஸ் என்னும் அறிஞர், அவற்றுள் சாரிபுத்திர பிரகரணம் என்னும் 9 அங்க நாடகத்தின் பகுதிகளைக் கண்டு 1911-ல் வெளியிட்டார். நூலின் இறுதியில் சுவர்ணாட்சியின் புதல்வர் அசுவகோஷர் என்ற பெயரும் இருந்தது. நமக்குக் கிடைத்த வடமொழி நாடகங்களுள் மிகப் பழையன இத்துண்டுகளே.

சாரிபுத்திரரும் மௌத்கல்யாயனரும் புத்தரை அடைந்த வரலாறே இதன் பொருள். தலைமக்கள் வடமொழி பேச, விதூஷகன் முதலியோர் பிராகிருதம் பேசுகின்றனர். காவியத்தில் ஒரே மொழியை ஆண்டவர், மேடைக்கு வந்ததும் வாழ்க்கையில் கேட்கும் பல மொழிகளையும் வரவழைத்தார். அந்தணராகப் பிறந்தவர் க்ஷத்திரியர் ஒருவரின் உபதேசத்தை ஏற்பது தகுமா என்று விதூஷகன் தடை எழுப்புகின்றான். தாழ்ந்த குலத்தவர் கொடுத்தாலும் மருந்து நோயைத் தீர்க்காதா என்னும் கருத்தால் சாரிபுத்திரர் அத்தடையை விலக்குகின்றார். பிறப்பால் உயர்வு தாழ்வு கற்பிக்கும் கொள்கையை இதனினும் சுருங்கச் சொல்லி வீழ்த்துதல் அரிது. அச்சொல் அவையில் அமர்ந்த அனைவருக்கும் விளங்கும். மேலும், அத்தடையை எழுப்பியவன் நகைச்சுவைப் பாத்திரமாகிய விதூஷகன் என்பதையும் நாம் நோக்கவேண்டும். சாதிச் செருக்குக்கு நாடகத்தில் எந்த இடத்தைக் கொடுப்பது என்பதைக் கவிஞர் இவ்வாறு முடிவு செய்தார்.

நடையே சான்று

அசுவகோஷர் புகழ் பெருகவே, பிறர் நூல்களும் அவர் பெயரால் வழங்கலாயின. சீனத்தில் பெரிதும் போற்றப்படும் மகாயான சிரத்தோத்பாதம் அவருடையதன்று, பிற்காலத்தது என்பதே இன்றைய ஆய்வாளர் பலரின் முடிவு. சீனமொழியில் அவர் பெயரால் நின்ற கதைத்தொகுதி ஒன்று குமாரலாதர் என்பவர் இயற்றியது என்பதை 1926-ல் லூடர்ஸ் மூலநூலின் துண்டுகளைக் கொண்டு காட்டினார். சாதிப் பிரிவினையை வேதநூல்களைக் கொண்டே மறுக்கும் வச்சிரசூசியும் இவர் பெயரால் வழங்குகின்றது. ஆனால் அதன் சீன மொழிபெயர்ப்பு அதனைத் தருமகீர்த்தியின் நூல் என்கின்றது. அதன் நடையும் இவர் காவிய நடையோடு ஒவ்வவில்லை. ஆகவே அது இவருடையது என்று உறுதி கூற அறிஞர் தயங்குகின்றனர். அந்நூலின் கருத்து நமக்கு இனியது என்பதனால் அதனை இவருடையதென்று சாதித்தல் முறையன்று. சாரிபுத்திரர் வாயிலாக அவர் கூறிய மறுப்பே நமக்குப் போதிய சான்றாகும்.

புத்த சரிதத்துக்கு நேர்ந்த கதியும் இவ்வுண்மையைக் காட்டும். 28 சருக்கங்களுள் வடமொழியில் எஞ்சியவை ஏறத்தாழ 14 மட்டுமே. 1830-ல் நேபாளத்து அமிர்தானந்தர் என்னும் பண்டிதர், எஞ்சிய பகுதியைத் தேடியும் கிடைக்காமையால், பதினான்காம் சருக்கத்தின் பிற்பகுதியிலிருந்து பதினேழாம் சருக்கம் வரை தாமே பாடிச் சேர்த்தார். அவர் அதனை மறைக்கவில்லை. 1893-ல் கவெல் என்னும் ஆங்கில அறிஞர் வெளியிட்ட பதிப்பில் இப்பகுதியும் இடம்பெற்றது. பழைய பகுதியைப் படித்துவந்தவர் புதிய பகுதியில் கால்வைத்ததும் செறிவும் உவமை நுட்பமும் குன்றியதை உணர்வர். சீன, திபெத்திய மொழிபெயர்ப்புக்கள் நூல் முழுவதையும் காத்துவைத்திருந்தன. ஹரப்பிரசாத் சாஸ்திரியார் நேபாளத்தில் கண்டெடுத்த சௌந்தரநந்தத்தை 1910-ல் வெளியிட்டார். 1935, 1936-ஆம் ஆண்டுகளில் ஜான்ஸ்டன் என்பவர் பழைய ஓலைச்சுவடி ஒன்றைக் கொண்டு புத்த சரிதத்தைத் திருத்தமாகப் பதிப்பித்து மொழிபெயர்த்தார். சாகேதத்தின் மைந்தரை அவர் பிறந்த நாடு மறந்திருந்த காலத்தில் இமயத்துக்கு அப்பாலுள்ளோர் காத்தளித்தனர்.

நாம் கொள்ளத்தக்கது

தமிழறிந்த நமக்கு இக்கதை அயலானதன்று. சீத்தலைச் சாத்தனாரின் மணிமேகலையும் அழகில் தொடங்கி அறத்தில் முடிகின்றது. ஆடல் மகளாகிய மாதவியின் புதல்வி, அரசகுமரன் காதலிக்கும் எழிலுடையவள், பிக்ஷுணியாகின்றாள். ஆயின் நடை வேறு. அசுவகோஷர் நான்கடிச் செய்யுள்களில் ஒவ்வொரு காட்சியையும் தனித்தனி மணியாகக் கோக்கின்றார். சாத்தனாரோ ஆசிரியப்பாவின் நீண்ட ஒழுக்கில் 30 காதைகளையும் கதைசொல்லும் போக்கிலே நடத்துகின்றார். முன்னது நின்று நோக்கச் செய்வது; பின்னது உடன் நடந்துவரச் செய்வது. தருமம் ஒன்றாயினும் யாப்பின் வேறுபாட்டால் நூலின் இயல்பே வேறாகின்றது.

இனி, முதலில் எழுப்பிய வினாவுக்கு வருவோம். பிக்ஷு உலகின் அழகைப் பாடலாமா? பாடலாம் என்பது அசுவகோஷர் வாழ்க்கை காட்டும் விடை. ஆனால் அவ்வனுமதிக்கு ஒரு கட்டுப்பாடும் உண்டு. சாளரத்து மகளிரின் எழில் வீதியில் வரும் முதுமையை நம் நெஞ்சில் பதிக்கவேண்டும். தேவமகளிரின் எழில் நந்தரைத் தம் ஆசையின் பொய்ம்மையை உணரும் இடத்துக்குக் கொண்டுசெல்ல வேண்டும். அவ்வாறு கொண்டுசெல்லாத அணி, இரண்டாம் சருக்கத்து இலக்கண அடுக்கைப்போலப் புலவரின் புகழுக்கு மட்டுமே பயன்படும்.

இன்று தருமத்தைப்பற்றி எழுதுவோரும் பேசுவோரும் பாட்டிசைப்போரும் நம்மிடையே பலருளர். கேட்பவர் யார் என்று எண்ணாமல் கடுஞ்சொற்களை அடுக்குவோரும், கைத்தட்டலை நாடிப் பொருளற்ற இனிப்பை வழங்குவோரும் அவர்களிடையே உண்டு. இவ்விரு குற்றங்களுக்கும் அசுவகோஷரின் நூல்களே நல்ல மருந்து. அவர் காவியங்களை மூலத்திலோ மொழிபெயர்ப்பிலோ ஒருமுறையேனும் பயின்று, அவர் வேண்டிக்கொண்டபடி மண்ணை நீக்கிப் பொன்னைக் கைக்கொள்ளுமாறு அன்பர்களைக் கேட்டுக்கொள்கின்றோம்.